காட்டுக் கடலை

சொந்த மானாவாரிக் காட்டில் விளையும் நிலக்கடலையையும் துவரம்பருப்பையும் அம்மா சௌந்திரம் மொத்தமாகக் கட்டி பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டால், ராசிபுரம் பக்கத்தில் தனியாக இருக்கும் அவள் எதைச் சாப்பிடுவாள்? இந்தக் கவலையில்தான் குணசீலன் அதே சாமான்களை மாதாமாதம் ஆன்லைனில் ஆர்டர் போட்டு அவள் வீட்டுக்கு அனுப்பிவந்தான்.

இன்று போன் செய்தான்.

"அம்மா, மஞ்சப் பை வந்துருச்சுங்க. நம்ம காட்டுக் கடலை ருசியே தனிங்க! இங்க ஆன்லைன்ல வாங்கறதெல்லாம் வெறும் சக்கை."

"பாக்கெட்டுச் சாமான் அப்படித்தான் சாமி இருக்கும்."

"உங்களுக்கும் அந்தப் பாக்கெட்டுத்தானுங்களே வருது. எப்படித்தான் திங்கறீங்களோ!"

"ஊட்டுக்கு வர்றதுல ஒரு பருப்புக்கூட வீணாகறதில்ல சாமி."

"மருந்தடிக்காத கடலைன்னு ஆபீஸ்ல எல்லார்த்துக்கும் குடுத்தனுங்க. இன்னும் வேணுங்கறாங்க. அடுத்த தடவ ரெண்டு கிலோ சேத்தி அனுப்புங்க."

சௌந்திரம் ஜன்னல் வழியே பார்த்தாள். மழை பொய்த்த காட்டில் சீமைக்கருவேலம் மட்டும் செழிப்பாக நின்றது. கையிலிருந்த கடலைப் பாக்கெட்டைக் கத்தரித்து, மஞ்சள் பையில் கொட்டினாள்.

"அனுப்பறேன் சாமி. ஆர்டர் போடறப்ப நீயும் ரெண்டு கிலோ சேத்திப் போட்டுரு."