'வா' என்றால் தவளை

ரெஜினாவின் போன் சாட்டில், எமோஜிகளுக்கு நடுவே, குடை பிடித்த ஒரு தவளை குடியிருந்தது. செல்வின் அவளுக்காகவே வரைந்து கொடுத்தது. அவள் 'வா' என்று தட்டினால், அந்த எழுத்து இருந்த இடத்தில் தவளை குதிக்கும். அப்படித்தான் அவன் அமைத்திருந்தான்.

பிறகு சண்டை வந்தது. இருவருக்கும் இடையே பேச்சு நின்றுபோனது.

ஒருநாள் தவளை துள்ளி வெளியே வந்தது. "அண்ணே, என்னைக் கூப்பிட்டாச்சு!"

"உன்னை இல்லடா. வீட்டுக்காரருக்கு 'வாடகை'ன்னு எழுதுறா," என்றது பக்கத்திலிருந்த மஞ்சள் சிரிப்பு எமோஜி.

ரெஜினா தவளையை அழித்தாள்.

அடுத்து 'வாரம்' வந்தது. அப்புறம் 'வாஷிங் மெஷின்'. ஒவ்வொரு தடவையும் தவளை குடையைச் சரிசெய்துகொண்டு குதித்தது. ஒவ்வொரு தடவையும் அழிந்தது.

"உனக்கு ரோஷமே கிடையாதா? இனிமே குதிக்காதே."

"அது என் பேரு அண்ணே. பேரைச் சொன்னா எப்படிச் சும்மா இருக்கிறது?"

இன்று செல்வினின் பெயர் திரையில் திறந்தது. கீழே 'வா' விழுந்தது. தவளை குதித்தது.

"ரொம்ப ஆடாதே. அவனுக்குப் பிறந்தநாள். 'வாழ்த்துகள்'னு வரும் பாரு," என்றது சிரிப்பு.

தவளை குடையை மடக்கிக்கொண்டு 'ழ்' வரட்டும் என்று காத்திருந்தது. வரவில்லை. அழிக்கும் விரலும் வரவில்லை.

தவளை மெல்லக் குடையை விரித்தது.