குனிய முடியாத முதுகு

“லுணுகலைத் தோட்டத்து முதுகு கேஸ், உள்ள வாங்க!” என்று தாதி கூப்பிட்டதும், பிலிப்பு உள்ளே போய் யாரும் சொல்லாமலேயே கட்டிலில் குப்புறப் படுத்தான்.

தேயிலைக் கொழுந்து மூட்டையோடு சரிவில் விழுந்த முதுகு என்பது கேஸ். எல்லாம் நடிப்பு என்றது தோட்ட நிர்வாகம். நட்டஈடு கிடைப்பதும் கிடைக்காததும் டொக்டர் சிற்றம்பலம் எழுதப்போகும் முடிவில் இருந்தது.

“அழுத்தினா நோகுதோ?”

“உயிரே போயிரும்ங்க.”

“குனிய ஏலுமோ?”

“எங்கங்க? அடுப்பு ஊதக்கூட குனிய முடியல.”

டொக்டர் தன் பேனையை வேண்டுமென்றே கீழே போட்டார். பிலிப்பு துள்ளி இறங்கி, மேசைக்கடியில் புகுந்து எடுத்துக் கொடுத்தான்.

“பிடிபட்டீர்! உம்மட முதுகில ஒரு குறையும் இல்லை. தோட்டக்காரர் சொன்னது சரிதான்.”

“எனக்கு எதுக்குங்க குறை? விழுந்தது என் பொண்டாட்டி ஜெபமலருங்க.”

டொக்டரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது.

“பிறகேன் காணும் நீர் வந்து படுத்தனீர்?”

“அவ சம்பளத்தையே நான்தாங்க கையெழுத்துப் போட்டு வாங்குறேன். சங்கக் கூட்டத்துக்கும் அவளுக்காக நான்தான் போறேன். இதுக்கு மட்டும் பொம்பளைய அனுப்புறதாங்க?”

“அவ இப்ப எங்க?”

“இங்கதாங்க நிக்கிறேன்” என்றாள், சுவரைப் பிடித்தபடி வாசலுக்கு வந்த ஜெபமலர். “நட்டஈட்டுக் காச மட்டும் என் கையில குடுக்கச் சொல்லி எழுதுங்க டொக்டர். எனக்கு ஊசி ஏதாச்சும் இருந்தா, வழக்கம்போல எனக்குப் பதிலா அவருக்கே போட்டுருங்க.”