கச்சான் போய்ச் சேர்ந்த இடம்

மாடி அறையில் விஜிலாவின் லேப்டாப் மேல் பிற்பகல் வெயில் சாய்ந்து கிடக்கிறது. கீழே திரேஸ்புரம் கரையில் மீனுக்கு ஐஸ் உடைக்கிறார்கள். அவள் எழுதிய சிறு நிரலுக்கு ஒரே வேலைதான். ஓர் ஊரின் பெயரைத் தட்டினால், அங்கே அப்போது வீசும் காற்றுக்கு இந்தக் கரையில் என்ன பெயரோ அதைச் சொல்லும். வடக்கிலிருந்து வந்தால் வாடை, மேற்கிலிருந்து வந்தால் கச்சான். நேற்று அண்ணன் ரெக்ஸின் கணினியில் அது ஓடவேயில்லை. காற்றுகளின் பெயர்கள் இருந்த கோப்பு இவளுடைய லேப்டாப்பிலேயே தங்கிவிட்டது. இன்று அதையும் சேர்த்து ஒரே பொதியாகக் கட்டி, உலகத்தில் யாரும் ஒற்றை வரியில் நிறுவிக்கொள்ளும்படி பேக்கேஜ் மேனேஜரில் ஏற்றியிருக்கிறாள். ராட்டர்டாம் துறைமுகத்தில் நிற்கும் கப்பலில் இருந்துகொண்டு ரெக்ஸ் அந்த வரியைத் தட்டுகிறான். அவன் மூக்குக்கண்ணாடியில் எழுத்துகள் ஓடுவது வீடியோ அழைப்பில் தெரிகிறது. விஜிலா கழுத்துச் சிலுவையை இறுகப் பிடித்திருக்கிறாள். ஓட்டம் நிற்கிறது. அவன் ராட்டர்டாம் என்று தட்டுகிறான்.

"ஏளா, கச்சான்னு சொல்லுது!"

பின்னால் வந்து நிற்கும் அம்மா அந்தோணியம்மாள் திரையை நோக்கிக் குனிகிறாள். "அங்கனயும் கச்சானா அடிக்கு, ஏய்யா?"

"பொறும்மா, பாக்கேன்." லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவன் இரும்புக் கதவைத் தோளால் தள்ளுகிறான். வெளியே கொடிகளெல்லாம் கிழக்கே பார்த்து விறைத்து நிற்கின்றன. காற்றின் இரைச்சல் மாடி அறையை நிறைக்கிறது. இங்கே சுவரில் காலண்டர் தாள்கூட அசையவில்லை. அந்தோணியம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்கிறாள்.