அருவிக்குள்

அருவிக்குள் நுழைந்ததும் மற்ற சத்தமெல்லாம் நின்றுபோனது.

தண்ணீர் தலையில் விழுந்தது. தோளில் விழுந்தது. முதுகை யாரோ இரண்டு கைகளாலும் தட்டிக்கொடுப்பதுபோல் இருந்தது.

வெளியே அவளோடு சுற்றுலா வந்த பதினொன்றாம் வகுப்புப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். வாய்கள் அசைந்தன. சிரித்தன.

எதுவும் கேட்கவில்லை.

காலையில் கேட்டது. பஸ்ஸிலிருந்து அவள் இறங்கியபோது பின்னாலிருந்து ரூபிலாதான் சொன்னாள்.

"லோடு இறங்கிட்டு. இனி வண்டி பறக்கும்லா."

லோடு. ஆறாம் வகுப்பில் எடை பார்த்த அன்று ரூபிலா வைத்த பேர். ஒருமுறை டீச்சருக்கே வாய் தவறி வந்துவிட்டது.

அவள் கண்களை மூடினாள்.

மூடிய பிறகும் வெள்ளையாகவே இருந்தது. தன் கை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. உடம்பு இருப்பதே மறந்துபோனது. எத்தனை வருடம் கழித்து.

அப்போது ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

ரூபிலா.

கால் வழுக்கியிருந்தது. தண்ணீர் அவளைத் தள்ளிக்கொண்டே இருந்தது. பிடித்துக்கொள்ளும் கம்பி எட்டவில்லை. முகமெல்லாம் முடி.

காதோடு வாயை வைத்துக் கத்தினாள்.

"ஏட்டி, விட்ராத!"

விட்டால் என்ன?

அந்த நினைப்பு அவசரமில்லாமல் வந்தது. கொஞ்ச நேரம் இருந்தது. அழகாகக்கூட இருந்தது.

பிறகு அவள் காலை அகட்டி ஊன்றினாள். ரூபிலாவை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

ரூபிலாவின் தோள்பட்டை எலும்பு அவள் கைக்குள் நடுங்கியது.

இவ்வளவுதானா இவள் என்று இருந்தது.

அப்படியே நின்றார்கள். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த போலீஸ்காரம்மா கை காட்டியதும் வெளியே வந்தார்கள். யாரும் கவனித்திருக்கவில்லை. ரூபிலாவும் யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம், பஸ் கிளம்பும் நேரம். பின் சீட்டுக் கூட்டத்தை விட்டு ரூபிலா எழுந்து வந்தாள். அவள் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். தலை இன்னும் காயவில்லை.

"இங்க இருக்கட்டா?"

இரண்டு பேர் உட்காரும் சீட்டு. யார் வந்தாலும் அவள் ஜன்னலோடு ஒட்டிக்கொள்வாள். கைகளை மடிக்குள் ஒடுக்கிக்கொள்வாள். இறங்கும் வரை மூச்சைக்கூட அளந்துதான் விடுவாள்.

"இரி" என்றாள்.

நகரவில்லை.

மீதி இருந்த இடத்தில் ரூபிலா உட்கார்ந்தாள்.