கோதாவரி வந்தாச்சு

கல்கத்தா ரயிலில் ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில் திரை. அதில் ஓடும் கிலோமீட்டர் கற்களை எண்ணி, கடிகாரம் பார்த்து, வேகத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார் பிச்சுமணி. ரயில் பைத்தியம். கோதாவரிப் பாலத்தை நேரில் பார்க்க வேண்டுமென்பது நாற்பது வருஷத்து ஆசை. திரையில் பார்க்க வீட்டிலேயே இருந்திருக்கலாமே! திறக்கிற ஜன்னல் கழிவறையில் மட்டும்தான். பாலம் வரும் நேரத்துக்கு உள்ளே போய்த் தாழிட்டு, குழாய்மேல் கால்வைத்து ஏறி எட்டிப் பார்த்தார்.

வெளியே ஓர் ஆடு போஸ்டர் தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் அதன் சொந்தக்காரன்.

"இது எந்த ஊருப்பா?"

"கும்மிடிப்பூண்டி, பெருசு. காலைலேர்ந்து இங்கயேதான் குலுங்கிக்கினு நிக்குது உங்க வண்டி."

இருக்கைக்குத் திரும்பினால், எதிர் சீட்டு ஜவுளிக்கடை கச்சபேசன் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க சார் போயிட்டீங்க? கோதாவரி வந்தாச்சு! ஒரு நிமிஷம் லேட் இல்ல!"

"வண்டி நகரவே இல்லைங்க. கும்மிடிப்பூண்டியிலயே நிக்குது."

"வயிறு சரியில்லீங்களா?" என்றார் கச்சபேசன், நிஜமான அக்கறையோடு.

பெட்டியே சிரித்தது. கச்சபேசனின் மனைவி ஆற்றில் காசு போட்டாள். அது திரையில் மோதி, பிச்சுமணியின் மடியில் விழுந்தது.

"எடுத்து நீங்களும் ஒருதரம் போடுங்கண்ணா, புண்ணியம்."

போட்டார்.