வில்லங்கம் ஒத்துக்கிட்டார்

அண்டை நாட்டோடு நடந்த எல்லைப் பேச்சுவார்த்தைக்கு ஆலோசகராகப் போயிருந்த அரசியல் பேராசிரியர், மதியமே வீடு திரும்பிவிட்டார்.

"என்னங்க, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா? உங்க வில்லங்கம் வரலியா?" என்றாள் மனைவி.

வில்லங்கம் என்பது எதிர்த்தரப்புப் பேராசிரியருக்கு அவள் வைத்த பெயர். இருபது வருடமாக ஒரு கமாவுக்குக்கூட மல்லுக்கட்டும் மனிதர்.

"வந்தாரு. ஆறு, தீவு, எல்லைக்கோடு, நாங்க கேட்ட எல்லாத்துக்கும் தலையாட்டிட்டாரு."

"அடேயப்பா! உங்க ஆயுசு உழைப்பு வீண் போகலை!" அவளுக்குத் தலைகால் புரியவில்லை. காபிக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடுதலாகவே அள்ளினாள்.

அவர் அதற்குள், எல்லையோர ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகளுக்கு ஃபோன் போட்டார். நல்ல சேதியை முதலில் மகளிடம் சொல்கிறாராக்கும் என்று இவள் பூரித்துப் போனாள்.

"அம்மாடி, கேள்வி கேக்காத. மாப்பிள்ளையையும் பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு இப்பவே கிளம்பி வா."

ஸ்பூன் பாதி வழியில் நின்றது. "ஏங்க, அதான் எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டாங்களே?"

"திருப்பித் தர நினைக்கிறவன்தான் வட்டிக்குப் பேரம் பேசுவான்," என்றார் அவர்.

பிறகு மெதுவாகச் சொன்னார்: "கிளம்பறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு, உங்க பொண்ணு இன்னும் அந்த ஊர்லதான் இருக்காளான்னு."