கையுறை தேவையில்லை

அந்தப் பூச்சிமருந்தைத் தடை செய்யலாமா என்று அரசு அலுவலகத்தில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. கணவனைப் பறிகொடுத்த பெண்மணி அதிகாரியின் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

“கவர்மென்ட் வேலையில ரிட்டயர் ஆனதும் ரோஜாச் செடி வெச்சார். மருந்தும் அவரே தெளிப்பார். மொதல்ல கை நடுங்குச்சு, அப்புறம் நாக்கு குழறிச்சு. கடைசியில என்னையே யாருன்னு கேட்டார்.”

அதிகாரி குரலைத் தணித்துக்கொண்டார். “கையுறை போட்டுக்கிட்டாராம்மா?”

“தேவையில்லைன்னு டப்பாவுலயே போட்டிருந்துச்சே. அந்த நெடி எனக்குத் தலையைச் சுத்தும். சொன்னா, ‘கவர்மென்ட்டே அனுமதி கொடுத்தாச்சு, உனக்கென்ன பயம்’னு சிரிப்பார்.”

அதிகாரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஒரு எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்கலை. கம்பெனி நீட்டின காகிதத்தை நம்பி அனுமதி கொடுத்திருக்கான் பாவி! அவனைச் சும்மா விடக்கூடாதும்மா.”

முப்பது வருடப் பழைய கோப்பைப் பிரித்து அவள் பக்கம் திருப்பினார்.

“முத்திரையில பேர் அழிஞ்சுபோச்சு. கையெழுத்து மட்டும்தான் இருக்கு. யாரோடதுன்னு கண்டுபிடிக்கணும்.”

அவள் குனிந்து பார்த்தாள். அந்தக் கையெழுத்தை விரலால் மெல்லத் தடவினாள்.

“தேட வேணாங்க,” என்றாள். “எங்க கல்யாணத்தைப் பதிவு பண்ணினப்பவும் அவர் இப்படித்தான் போட்டார்.”